ஜுமாதில் உஸ்தாவின் மிச்சச் சாமான்

எஞ்சினை மூடியாயிற்று. ஆனாலும் ஜுமாதில் உஸ்தா பானட்டைச் சாத்தவில்லை. பக்கத்தில் கிடக்கும் தகரக் கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். ஏதோ பழைய லாரியின் முன்விளக்கிலிருந்து கழன்று வந்த கிண்ணம் அது. உள்ளே மிச்சம் கிடப்பவை: சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் தொப்பி நான்கு, நெளிந்த தகடு ஒன்று, உள்ளே சல்லடை வைத்த குட்டைக் குழாய் ஒன்று. காலையில் இவையெல்லாம் எஞ்சினுக்குள் இருந்தன. இனி இருக்கப்போவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சுவரில் தொங்கும் இரும்புக் கம்பியில் மணி கோப்பதுபோலக் கோக்கிறார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தில் மேலிருந்து கீழாகத் தடவி, "ஆமீன்" என்கிறார். கன்னங்களில் இரண்டு கரிக்கோடு விழுகிறது. அதற்கப்புறம்தான் பானட்.

"எஞ்சின்ல மூணு தினுசு சாமான் இருக்கு" என்பார். "ஓடுறது ஒண்ணு. ஓட வைக்கிறது ஒண்ணு. சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்குறது ஒண்ணு. மூணாவதக் கழட்டி எறிஞ்சா வண்டிக்குப் பாரம் கொறையும். மனுசனுக்கும் அப்படித்தான்."

சமவெளி ஊரான கரா-பால்ட்டாவின் மோட்டார் பஜாரில், ரயில்பாதையை ஒட்டி நிற்கும் கண்டெய்னர் பட்டறைகளில் மூன்றாவது அவருடையது. உஸ்தா என்றால் இங்கே கைதேர்ந்த மெக்கானிக். முதல்முறை வருகிறவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஒரு ஜோடி ரப்பர் காலணியைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலணிகள்தான் விசாரிக்கும்: "யாரு? என்ன வண்டி? இருமுதா, விக்குதா?" பெரிய மனிதர்கள்கூடக் குனிந்து காலணிக்கு சலாம் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். ஒரு பீட்ரூட் விவசாயி அரை மணி நேரம் தன் வண்டியின் கஷ்டத்தை, தன் தம்பி மனைவியின் கஷ்டத்தையும் சேர்த்து, எடுத்துச் சொன்னார். காலணிகள் பொறுமையாகக் கேட்டன. உஸ்தா டீ குடித்துவிட்டுப் பின்பக்கமாக வெறுங்காலோடு வந்து, "அது காயப்போட்டது அண்ணே" என்றபோது அந்த மனிதருக்கு வருத்தம். இவ்வளவு கவனமாக யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லையாம்.

எந்த வேலையானாலும் அவருக்கு அது "அஞ்சு நிமிஷ வேலை". பிளக் மாற்றினாலும் அஞ்சு நிமிஷம், எஞ்சினை இறக்கி ஏற்றினாலும் அஞ்சு நிமிஷம். அனுபவப்பட்டவர்கள் படுக்கையோடு வருவார்கள்.

சட்டையின் இடது பையில் குருத் உருண்டைகளை வைத்திருப்பார். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. வாயில் போட்டால் ஒரு மணி நேரம் கரையும். அதே பையில்தான் பேரிங் குண்டுகளும் கிடக்கும். மேல்வரிசையில் ஒரு பல் இரும்புப் பல்லாக மின்னுவதற்கு அதுதான் காரணம். மறுபக்கத்துக் கதையும் ஒன்று உண்டு: இந்தத் தாலுகாவில் எங்கோ ஒரு டிராக்டரின் சக்கரத்துக்குள் குருத் உருண்டை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பார்கள். கேட்டால் மறுக்கமாட்டார். "ஓடுதுல்ல?" என்பார், அவ்வளவுதான்.

எஞ்சின் சத்தம் கேட்பதற்கு அவரிடம் கருவி ஒன்று உண்டு: அவர் மனைவி கலிபாவின் உருட்டுக்கட்டை. ஒரு முனை எஞ்சின் மேல், மறுமுனை காதில். டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாரத்தில் இரண்டு நாள் கலிபா கை நிறைய மாவோடு கண்டெய்னர் வாசலில் வந்து நிற்பாள்.

"ஜிபார் அப்பா, என் கட்டை எங்க?"

"நோயாளி நெஞ்சுல இருக்கு."

"அந்த நோயாளிய மாவு தேச்சுக் குடுக்கச் சொல்லு."

இப்படி அவர்கள் வீட்டில் அடுப்படிச் சாமான் பட்டறைக்கும் பட்டறைச் சாமான் அடுப்படிக்கும் போய்வரும். மகள் ஜிபார் கல்யாணமாகி சூசமிர் பள்ளத்தாக்குக்குப் போன பிறகு இந்தப் போக்குவரத்தைக் கண்டிக்க வீட்டில் ஆளில்லை.

உஸ்தாவின் கொள்கைக்குப் பஜாரில் ஒரே எதிரி, ஐந்தாவது கண்டெய்னர் லீடா. வால்வு சீல், கேஸ்கட், ரப்பர் வளையம் மாதிரி சில்லறைச் சாமான் விற்கிறவள். கம்பெனிக்காரன் போட்ட படப் புத்தகம் ஒன்றை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். எஞ்சினைப் பிய்த்துப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த படம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடிப்பாள்.

"இருபத்தேழாம் நம்பர் எங்க உஸ்தா? எண்ணெய் கீழ சிலிண்டருக்குள்ள எறங்காம நிறுத்தற தொப்பி. முப்பத்தொண்ணு எங்க? எண்ணெய் ஆவியப் பிடிச்சுக் கீழ விடற குழாய்."

"கம்பில இருக்கு."

"கம்பிலயா வண்டி ஓடுது?"

"லீடா, இந்தப் படத்தப் போட்டவன் வண்டி ஓட்டியிருப்பானா? அவனுக்கு மாசச் சம்பளம். நம்பர் எண்பது வரைக்கும் போகணும்னு மேலதிகாரி சொல்லியிருப்பான். இருபதுலயே எஞ்சின் முடிஞ்சுபோச்சு. மிச்சத்துக்கு என்ன பண்ணுவான்? தகரத்த வெட்டிப் போட்டுட்டான்."

"எண்ணெய் குடிக்குது, பொகையுதுன்னு ஜனங்க சொல்றாங்களே."

"குதிரைக்குப் புல்லுப் போடுறோம். கேள்வி கேக்குறோமா? இதுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊத்து. நாப்பது வருசத்துல எனக்கு ஒரு எஞ்சின் திரும்பி வரல."

அது உண்மைதான். எழுதாமல் விட்ட கேள்விக்கும் சில சமயம் மதிப்பெண் விழும் என்று பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியும். உஸ்தாவுக்கு நாற்பது வருஷமாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் சமவெளிக்காரர்கள். வயலிலிருந்து சர்க்கரை ஆலைக்கு, ஆலையிலிருந்து வயலுக்கு. மேசைமேல் உருட்டிய கோலிபோல நேரான பாதை. எஞ்சினுக்குள் எண்ணெய் அசைய வேண்டிய அவசியமே வராது.

சம்பந்தி அசனாலி மலைக்காரர்.

சூசமிரில் குதிரையும் ஆடும் வைத்திருப்பவர். நெட்டையான மனிதர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். போன குளிர்காலத்தில் தன் ஜெர்மன் வேனை எஞ்சின் வேலைக்கு உஸ்தாவிடம் கொண்டுவந்தார். சம்பந்தி வண்டி என்றால் சாதாரணமா? உஸ்தா எஞ்சினை இறக்கி, ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பினார். அந்த வரிசையில்தான் அந்தத் தட்டு இருந்தது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்குமே, அதற்கு மேலே நாலு போல்ட்டில் மாட்டியிருக்கும் ஒரு தகடு. இரண்டு உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் பொத்தல். ஓரம் லேசாக மடித்தது. வண்டி குலுங்கும்போது எண்ணெய் அலையடிக்காமல் அடக்கி வைப்பது அதன் உத்தியோகம்.

"எண்ணெய அடக்கி வைக்கிறதா?" என்று உஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அது என்ன கன்னுக்குட்டியா துள்ள?"

அதே நேரம் கலிபாவின் அடுப்படியில் ஒரு துக்கம் நடந்துகொண்டிருந்தது. போர்சோக் அள்ளும் கரண்டி கைப்பிடியோடு முறிந்துவிட்டது. எண்ணெயில் பொரித்த அந்த மாவுத்துண்டு இல்லாமல் இந்த நாட்டில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. கரண்டி முறிந்தால் குடும்பமே முறிந்த மாதிரி. அதிலும் கலிபாவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஜிபார் கல்யாணத்தன்று சம்பந்தியம்மா புரூல், கலிபா கொண்டுபோன மூட்டையிலிருந்து ஒரு போர்சோக்கை எடுத்தாள். விரலால் அழுத்தினாள். எண்ணெய் கசிந்தது. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். அந்த ஐந்து விரலையும் கலிபா ஒன்றரை வருஷமாகக் கனவில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உஸ்தா தட்டைப் பார்த்தார். கலிபா கொண்டுவந்த முறிந்த கரண்டியைப் பார்த்தார். இரண்டு போல்ட் ஓட்டையில் தடித்த கம்பியை விட்டு முறுக்கிக் கைப்பிடி போட்டார். அஞ்சு நிமிஷ வேலை. நிஜமாகவே அஞ்சு நிமிஷத்தில் முடிந்த ஒரே வேலை அது. கலிபா அதை மணலில் தேய்த்து, சோடாவில் ஊறவைத்து, மூன்று தரம் கொதிக்கவிட்டு எடுத்தாள். முதல் ஈடு போட்டு அள்ளினாள். எண்ணெய் பொத்தல் வழியாகச் சரசரவென்று இறங்கிவிட்டது. போர்சோக் பருத்திப்பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. கையில் ஒட்டவே இல்லை.

வசந்த விழாவுக்கு வந்த புரூல் ஏழு போர்சோக் சாப்பிட்டாள். விரலைத் துடைக்கவில்லை. கலிபா எண்ணிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் அந்தக் கரண்டி தெருவில் ராஜநடை போட ஆரம்பித்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவைத்து வாங்கிப்போனார்கள்.

வேன் மலைக்குப் போய்விட்டது. இனி நடந்ததற்குச் சம்பந்தி முறையும் ஒரு காரணம். எங்கள் வழக்கத்தில் சம்பந்தியைக் குறை சொல்லக்கூடாது. சம்பந்தி குறையை ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஆகவே அசனாலி போனில் இப்படித்தான் சொன்னார்:

"வண்டி தங்கம் சம்பந்தி. மலை ஏறும்போது மட்டும் எண்ணெயோட சிவப்பு விளக்கு கண்ணடிக்குது. உங்கள நெனச்சுக்குது போல."

"பாசமான எஞ்சின் சம்பந்தி. அப்படித்தான் இருக்கும்."

"ஒரு மலைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கேக்குது."

"பசி இருந்தா ஆரோக்கியம்னு அர்த்தம்."

"அதானே" என்றார் அசனாலி. இரண்டு பேரும் குடும்ப நலம், ஆட்டு நலம் விசாரித்துவிட்டு போனை வைத்தார்கள். உஸ்தா அன்று முழுக்கக் குருத் மெல்லாமல் இருந்தார்.

ஜிபாருக்குப் பையன் பிறந்தான். தொட்டிலைத் தாய்வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். ஜூன் மாதம், சனிக்கிழமை நண்பகலுக்குள் தொட்டில் சூசமிர் போய்ச் சேர வேண்டும். ஊர்க் கிழவி பிள்ளையைக் கிடத்துவாள், அறுபது பேர் காத்திருப்பார்கள். அசனாலி முதல்நாளே வேனோடு வந்து தங்கி, விடியற்காலையில் சம்பந்திகளை ஏற்றிக்கொண்டார். பின்னால் சிவப்பும் பச்சையும் பூசிய தொட்டில், மெத்தைகள், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் தொட்டி, ஒரு மூட்டை போர்சோக். கலிபா மடியில் ஒரு துணிப்பை. அங்கே போய் சம்பந்தியம்மா கண்முன்னாலேயே இரண்டு ஈடு சுட்டுக் காட்டப்போகிறாள். அதற்காக உருட்டுக்கட்டையும் கரண்டியும்.

தோ-அஷூ கணவாயில் வளைவுகள் ஆரம்பித்தன. மூன்றாவது வளைவில் சிவப்பு விளக்கு ஒரு தரம் மின்னி அணைந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, கண்ணடிக்குது" என்றார் அசனாலி.

"ஒயர் லூஸு" என்றார் உஸ்தா.

ஆறாவது வளைவில் விளக்கு எரிந்தது, அணையவில்லை.

"ஒயர் இப்போ கண்ண மூடாம மொறைக்குது."

உஸ்தா பின்பக்கம் கையை நீட்டி, "கட்டையக் குடு" என்றார். கலிபா உருட்டுக்கட்டையைக் கொடுத்தாள். அதை முன்னால் எஞ்சின் பக்கமாக ஊன்றிக் காதை வைத்தார். டக்... டக்... டக். நாற்பது வருஷமாக அடுத்தவர் வண்டிகளில் கேட்ட சத்தம். எண்ணெய் போய்ச் சேராத பேரிங் போடும் சத்தம். பின்னால் நீலப்புகை வளைவு முழுக்க நின்றது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். தொட்டில் இங்கேயே நின்றுபோகும். "தாத்தா ரிப்பேர் பண்ணின வண்டியில தொட்டில் வரவே இல்ல" என்று அந்தப் பள்ளத்தாக்கு பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லும்.

"நிறுத்துங்க" என்றார். "அஞ்சு நிமிஷம்."

ஜூன் மாதத்திலும் பாதையோரத்தில் பனி கிடந்தது. உஸ்தா ஒரு மெத்தையை விரித்து வண்டிக்கு அடியில் போனார். ரப்பர் காலணிகள் மட்டும் வெளியே நின்றன. அசனாலி கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து அவற்றிடமே கேட்டார்.

"என்ன சம்பந்தி, எதாவது கொறையுதா?"

காலணிகள் யோசித்தன. "ஒரு சின்னத் தட்டு."

"தொலைஞ்சுபோச்சா?"

"தொலையல."

"அப்போ கரா-பால்ட்டாவுல இருக்கா?"

"இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

இடது காலணி வலது காலணியைச் சொறிந்தது. "வண்டிலதான் இருக்கு. எஞ்சின்ல இல்ல."

வேனுக்குள் கலிபா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஐந்து லிட்டர் எண்ணெயை எதில் இறக்குவது என்ற கேள்வி வந்தது. பேச்சு வளரும் முன் அசனாலியே ரோஸ் தொட்டியை எடுத்து வந்து அடியில் தள்ளிவிட்டார். "பையன் மெக்கானிக் பேரன்தானே. பழகிக்கட்டும்" என்றார். கறுத்த எண்ணெய் நுரைத்துக்கொண்டு இறங்கியது, குதிரைப்பால் கடைந்த மாதிரி. அந்த நுரையைப் பார்த்ததும் உஸ்தாவுக்கு ஐந்தாவது கண்டெய்னர் ஞாபகம் வந்தது. லீடா இங்கே இல்லை என்பதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னார்.

எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைத் தாங்கிய இருபது போல்ட்டும் கழன்றன. உஸ்தா வெளியே வந்து மனைவியிடம் தணிந்த குரலில் கையை நீட்டினார்.

"அந்தக் கரண்டியக் குடு."

"எதுக்கு? இங்க போர்சோக் சுடப்போறியா?"

"கலிபா. குடு."

அசனாலி பையிலிருந்து எட்டிப்பார்த்த கரண்டியை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். மூலையில் இருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார்.

"உங்க பக்கம் கரண்டிக்கும் போல்ட் ஓட்டை வைப்பாங்களா சம்பந்தி?"

"வைப்பாங்க. சுவத்துல மாட்ட."

"நாலு மூலைக்கும்?"

உஸ்தா வானத்தைப் பார்த்தார். "எங்க ஊர்ல காத்து ஜாஸ்தி."

"ஓ" என்றார் அசனாலி. கரண்டியைக் கலிபாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐம்பதடி தள்ளிப் போய், எதிர்ச்சரிவில் மேயும் யாருடைய ஆடுகளையோ எண்ணத் தொடங்கினார். நல்ல சம்பந்தி என்றால் அதுதான்.

கலிபா கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஏழு சாப்பிட்டாங்க. கை தொடைக்கல. இதக் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட அந்த அடுப்பு முன்னாடி நிப்பேன்?"

"உனக்காவது மூஞ்சி இருக்கு. நான் காலோட மட்டும் கெடக்கேன்."

"முக்கியமில்லாத சாமான்னு நீதானே சொன்ன. சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்குறதுன்ன. இல்லாம ஓட்டு."

"கலிபா, மணியப் பாரு."

"நான் கரண்டி புடிக்கிறவ, எனக்கே தெரியும். எண்ணெயத் தட்டிக் கேக்க ஆள் இல்லேன்னா அது எல்லா எடத்துக்கும் போகும். ஒனக்குத் தெரியலயா? முக்கியம்னு சொல்லு. குடுக்குறேன்."

நாற்பது வருஷம். கம்பி நிறைய மாலை. உஸ்தா பல்லிடுக்கில் பேரம் பேசினார்.

"கொஞ்சம் தேவைதான்."

"கேக்கல."

"மலைக்கு மட்டும் தேவை."

"கேக்கல."

உஸ்தா கண்ணை மூடிக்கொண்டு, "சரி, முக்கியம்தான்" என்றார். சரியாக அந்த நேரம் நிலக்கரி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வளைந்தது.

"கேக்கல" என்றாள் கலிபா. இந்தத் தரம் நிஜமாகவே கேட்கவில்லை.

"முக்கியம்" என்று கத்தினார் உஸ்தா.

எதிர்மலை அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. ஆடுகள் தலைநிமிர்ந்து பார்த்தன. அசனாலி மட்டும் திரும்பவில்லை. அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருக்க வேண்டும், முதலிலிருந்து எண்ணினார்.

கலிபா தன் முக்காட்டு நுனியால் தட்டை இருபுறமும் துடைத்தாள். கைப்பிடிக் கம்பியைத் தானே முறுக்குப் பிரித்துக் கழற்றினாள். பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள். உஸ்தா நான்கு போல்ட்டில் அதை மாட்டினார். பழைய கேஸ்கட்டின் மேலேயே பசை தடவி எண்ணெய்த் தொட்டியை ஏற்றினார். நுரை அடங்கிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உஸ்தாவின் கணக்கில் அஞ்சு நிமிஷம்.

வண்டி கிளம்பியது. ஏழாவது வளைவு, எட்டாவது வளைவு. விளக்கு எரியவில்லை. உஸ்தா கட்டையை ஊன்றிக் காதை வைத்தார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, சுரங்கத்துக்குள் நுழையும்போது எஞ்சின் தூங்குகிற பூனை மாதிரி உறுமியது. ஒன்றே ஒன்றுதான். தட்டின் பொத்தல்களில் எங்கோ மாவும் கொழுப்பும் ஒளிந்திருக்க வேண்டும். சூசமிர் இறங்கும் வரை வண்டியின் பின்னால் போர்சோக் வாசனை வந்தது. ஊர் எல்லையிலிருந்து ஏழு நாய்கள் கூடவே ஓடிவந்தன. வாசலில் நின்ற அறுபது பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். "பெண் வீட்டுக்காரங்க வழியெல்லாம் சுட்டுக்கிட்டே வந்திருக்காங்க" என்று கிழவி பாராட்டினாள்.

பிள்ளை தொட்டிலில் போட்டதும் தூங்கிவிட்டான். கலிபா அன்று புரூலின் கரண்டியால் சுட்டாள். எண்ணெய் சொட்டியது. புரூல் ஒன்றை எடுத்தாள், விரலைப் பார்த்தாள், கைக்குட்டையை எடுத்தாள். கலிபா அடுத்த ஈட்டைப் போடாமல் நின்றாள்.

"இது என் கரண்டியோட தப்பு சம்பந்தியம்மா" என்றாள் புரூல். "இருபது வருசமா இதத்தான் சொல்றேன், இவரு கேக்கல."

அசனாலி அதைக் கேட்டுத் தலையாட்டினார். ஒரு மாதம் கழித்து, மலையிலிருந்து வந்த யாரோ ஒருவர் கையில் கலிபாவுக்கு ஒரு பார்சல் வந்தது. அசனாலி தன் கையாலேயே தகரம் வெட்டிச் செய்த போர்சோக் கரண்டி. உடம்பெல்லாம் பொத்தல், ஓரம் மடித்தது. நான்கு மூலையிலும் போல்ட் ஓட்டை. கொண்டுவந்தவர் சொன்னார்: "உங்க ஊர்ல காத்து ஜாஸ்தியாம். சொல்லச் சொன்னாரு."

ஜுமாதில் உஸ்தா இப்போதும் அதே மூன்றாவது கண்டெய்னரில்தான் இருக்கிறார். வயது அறுபத்தொன்று. கம்பியில் பழைய மாலை அப்படியே தொங்குகிறது. அதன் முனையில் பழைய கரண்டியின் கைப்பிடிக் கம்பியும் சேர்ந்திருக்கிறது. புதிதாக வேறொன்றும் கோக்கவில்லை. வாரம் ஒருமுறை லீடாவின் கடைக்குப் போய், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வால்வுத் தொப்பி ஒரு செட் கேட்பார்.

"யாருக்கு உஸ்தா?"

"கோழிக்கூட்டுக்கு."

"உங்க கோழிக்குப் பதினாறு வால்வா?"

"நாட்டுக்கோழி."

எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று யாராவது, "இந்தச் சில்லறைத் தகரமெல்லாம் அவசியமா உஸ்தா?" என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். "ஒண்ணுமில்ல அண்ணே. சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்குறது." சொல்லிக்கொண்டே, நாக்கு நுனியைக் கடித்தபடி, அதே தகரத்தின் நான்காவது போல்ட்டை முறுக்கிக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்தபின்னும் பானட்டைச் சாத்துவதில்லை. தகரக் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் துழாவுகிறார். இன்னொரு சுற்று. விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. வெறும் கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையையே முகத்தில் தடவிக்கொள்கிறார்.